பெயர் குடிபெயர்ந்த ஊர்

எந்த ஊரும் தனக்குத் தானே 'பழைய நகரம்' என்று பெயர் வைத்துக்கொள்வதில்லை. அப்படியொரு பெயர் நிலைக்க, வேறிடத்தில் புதிய நகரம் ஒன்று எழுந்திருக்க வேண்டும். இத்தாலியின் உம்பிரியா பகுதியில், எரிமலைச் சாம்பல் இறுகிய தூஃபா பாறைமேல் நிற்கும் ஓர்வியேத்தோவின் பெயர் இவ்வகையானது. லத்தீனில் 'ஊர்ப்ஸ்' என்றால் நகரம், 'வெத்துஸ்' என்றால் பழையது. லத்தீன் எகரம் இத்தாலிய வாயில் 'இயே' என்று விரிவதுண்டு. காலடியைக் குறிக்கும் 'பெதெம்' 'பியேதே' ஆனது அப்படித்தான். வெத்துஸ் அதே வழியில் 'வியேத்தோ' ஆயிற்று.

புதிய நகரம் எது? அங்கேதான் இந்தப் பெயரின் துயரம் இருக்கிறது. இந்தப் பாறையில் முதலில் வாழ்ந்தவர்கள் எத்ருஸ்கர்கள். ஊருக்கு அவர்கள் இட்ட பெயர் வெல்ஸ்னா. ரோமர் வாயில் அது வொல்சினீ. நகரின் ஆட்சி, முன்பு அடிமைகளாக இருந்தவர்களின் கைக்குப் போனதும், பிரபுக்கள் ரோமைத் துணைக்கு அழைத்தார்கள். கி.மு. 264இல் தளபதி மார்க்குஸ் ஃபுல்வியுஸ் ஃபிளாக்குஸ் நகரைப் பிடித்தார். நகரம் தரைமட்டமாயிற்று. மிஞ்சியவர்களை அருகிலிருந்த ஏரிக்கரையில் குடியேற்றினார்கள். ஊர்ப்பெயரும் அவர்களோடு போய்விட்டது. அந்த ஏரிக்கரை ஊர்தான் இன்றைய பொல்சேனா.

2,000 சிலைகளுக்கு ஆசைப்பட்டே ரோமர் இந்நகரைத் தாக்கினார்கள் என்று ஒரு கிரேக்கர் சாட்டிய குற்றத்தை ரோம எழுத்தாளர் பிளினி பதிந்திருக்கிறார். ரோமின் சந்த் ஓமோபோனோ அகழாய்வில் கிடைத்த சிலைப் பீடத்தில், வொல்சினீயை வென்று ஃபுல்வியுஸ் அளித்த காணிக்கை என்றே பொறித்திருக்கிறது. குற்றச்சாட்டில் உண்மை உண்டு என்றே நினைக்கிறேன்.

பெயர் இடம் மாறியதால் அறிஞர்களும் குழம்பினார்கள். பொல்சேனாவே பழைய வெல்ஸ்னா என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1828இல் ஜெர்மானியர் கார்ல் ஓட்ஃபிரீட் முல்லர் ஓர்வியேத்தோவைச் சுட்டினார்; இன்று பெரும்பாலோர் அவர் பக்கம். 'பழைய நகரம்' என்ற பெயரே அவருக்கு வலுவான சாட்சி.

கி.பி. 538இல் பைசாந்தியத் தளபதி பெலிசாரியுஸ் கோத்தியரை முற்றுகையிட்டு ஊரைப் பிடித்ததை எழுதிய புரோகோப்பியுஸ், 'உர்பிவெந்தோஸ்' என்கிறார். அதற்குள் புதுப்பெயர் வேரூன்றிவிட்டது. பிறகு போப்பாண்டவர்கள் வந்து தங்கினார்கள். 1290இல் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் பெயர் மீண்டும் ஊரைவிட்டுக் கிளம்பியது, இம்முறை மருந்தாக. 'ஓர்வியேத்தானோ' என்பது நஞ்சு முறிவென்று சந்தை மேடைகளில் கூவி விற்ற லேகியம். பல மூலிகைகளைத் தேனில் குழைத்துச் செய்தது. பாரிஸில் அதை விற்கக் கொந்துஜி என்ற இத்தாலியர் 1647இல் அரசாணையே பெற்றார். 1665இல் மொலியேர் தம் நாடகமொன்றில் இந்த லேகியம் விற்கும் ஒருவனை மேடையேற்றினார். பிரெஞ்சு மொழியில் 'ஓர்வியேத்தான் விற்பவன்' என்றால் ஏமாற்று வைத்தியன் என்றாகிவிட்டது. கவுரவமான ஓர் ஊருக்கு இது அநியாயம். இன்று அப்பெயரை உலகெங்கும் கொண்டுசெல்வது வெள்ளைத் திராட்சை மது.

ஓர்வியேத்தோவுக்குப் போனால் பேராலயத்துக்கு முன்பே, பாறையடியில் உள்ள குரோச்சிஃபிஸ்ஸோ தெல் தூஃபோ இடுகாட்டைப் பாருங்கள். கல்லறை வாசல்களின் மேல், இங்கே வாழ்ந்த எத்ருஸ்கக் குடும்பங்களின் பெயர்கள் செதுக்கியபடியே இருக்கின்றன.