தவணை கேட்ட கவிஞன்

"முன்பெல்லாம் கவிதை எழுதினேன். இப்போது கூட்டம், துண்டறிக்கை, படிப்பகம் என்று நாள் ஓடிவிடுகிறது. எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. ஊற்று வற்றிவிட்டது போலும்!" என்று பெருமூச்சு விடும் தோழர்கள் நம்மிடையே ஒருவர் இருவர் அல்லர். அந்தப் பெருமூச்சுக்குள்ளே ஒரு பழைய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கவிதை மேலிருந்து இறங்குவது. அருள் இருந்தால் வரும், இல்லையேல் வராது என்னும் நம்பிக்கை! காளி நாவிலே எழுதினாள், கல்லாதவன் காளிதாசனானான் என்று கதை கட்டிய நாடல்லவா இது!

அந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க ஓர் உரைகல் உண்டு. அதன் பெயர் ஜான் மில்டன்.

1608-இல் இலண்டனில் பிறந்தவன். கேம்பிரிட்ஜில் பயின்றவன். முப்பது வயதுக்குள் கவிஞனென்று பெயர் பெற்றவன். 1638-இல் இத்தாலி சென்றான். திருச்சபையின் தண்டனைக்கு ஆளாகிக் காவலில் கிடந்த முதியவர் கலிலியோவைக் கண்டதாக அவனே எழுதி வைத்திருக்கிறான். சிசிலிக்கும் கிரேக்கத்துக்கும் செல்ல எண்ணியிருந்த வேளையில், தாய்நாட்டிலே மன்னனுக்கும் மக்களுக்கும் மோதல் முற்றுகிறது என்ற செய்தி எட்டியது. பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பினான்.

திரும்பியவன் காவியம் பாடவில்லை. சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். 1641 முதல் துண்டு நூல்கள் எழுதினான். குருமாரின் ஆதிக்கத்தைச் சாடினான். மணமுறிவு உரிமைக்காக வாதாடினான். அச்சிடுமுன் அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1644-இல் 'அரியோபாகிடிகா' தீட்டினான். 1649 ஜனவரி 30-இல் முதலாம் சார்லஸ் மன்னனின் தலை வெட்டப்பட்டது. கொடுங்கோலனைத் தண்டிக்க மக்களுக்கு உரிமை உண்டு என்று வாதிடும் மில்டனின் நூல் அடுத்த மாதமே வெளிவந்தது! குடியரசு அவனை அயல்மொழிச் செயலாளனாக அமர்த்தியது. கண்ணொளி குன்றிக்கொண்டிருந்தது, எழுதினால் பார்வை போகும் என்று மருத்துவர் எச்சரித்தனர். எழுதினான். 1652-இல் பார்வை முற்றும் போயிற்று.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! இடையிலே சில பதினான்கடிப் பாக்கள், சில மொழிபெயர்ப்புகள். பெருங்கவிதை இல்லை. உரைநடை தனக்கு இடக்கை வேலை என்ற பொருள்பட 1642-இலேயே சொன்னவன் அவன். அதே நூலில், நாட்டுக்கொரு பெருங்காவியம் தருவேன், அந்தக் கடனை அடைக்கச் சில ஆண்டுகள் தவணை தாருங்கள் என்று வாசகனிடம் கேட்டுக்கொண்டான்.

இந்த இடைவெளியில் ஊற்று வற்றிற்றா? கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவன் கைப்பட எழுதிய குறிப்பேடு இருக்கிறது. 1640-ஐ ஒட்டி எழுதிய பக்கங்களில் ஏறத்தாழ நூறு கதைப்பொருள்களைக் குறித்து வைத்திருக்கிறான். ஆதாமின் வீழ்ச்சியை நாடகமாக்க நான்கு திட்டங்கள் தீட்டியிருக்கிறான். சாத்தான் கதிரவனை நோக்கிப் பேசும் அடிகளைக் காவியம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தனக்குக் காட்டினான் என்று அக்காள் மகன் எட்வர்ட் பிலிப்ஸ் எழுதுகிறான். விதை அப்போதே ஊன்றப்பட்டிருந்தது.

வளர்த்தவை எவை? வீணாயின என்று நாம் நினைக்கும் அந்த ஆண்டுகளே! நரகத்தில் சாத்தானின் கூட்டத்தார் மன்றம் கூடி, போரா அமைதியா என்று வாதிடும் பகுதியைப் படித்துப் பாருங்கள். அரசு மன்றங்களின் அருகே பத்தாண்டு இருந்தவனுடைய செவி அதிலே தெரியும். 1638-இன் இளங்கவிஞனுக்கு அது கைவந்திருக்காது என்பதே என் எண்ணம்.

தோல்விதான் அவனை மீண்டும் கவிஞனாக்கிற்று என்பார் உண்டு. ஆண்டுக் கணக்கு அதை ஒப்பவில்லை. 1658-ஐ ஒட்டியே தொடங்கிவிட்டான். முடியாட்சி மீண்டது 1660-இல்தான். அவ்வாண்டு அவன் நூல்களை எரித்தனர், ஒளிந்திருந்தான், சிறைப்பட்டு மீண்டான். பணி தொடர்ந்தது.

எப்படித் தொடர்ந்தது? இரவில் நெஞ்சில் அமைத்த அடிகளைக் காலையில் சொல்வான். எழுதுகோல் பிடிக்க எவர் கிடைத்தாலும் போதும். பத்து அடி, இருபது அடி, முப்பது அடி. அவ்வளவே! அவ்வப்போது பிலிப்ஸ் வந்து எழுத்துப் பிழை திருத்துவான். இலையுதிர் காலம் முதல் இளவேனில் வரைதான் ஓட்டம். மற்ற மாதங்களில் சொன்னவை அவனுக்கே பிடிப்பதில்லையாம். ஆண்டில் பாதி வராத காலம் என்று தெரிந்தே உழைத்தான்.

வானுலகத் தேவி இரவுதோறும் வந்து பாட்டுரைத்தாள் என்று அவனே பாடுகிறான். ஆழ்ந்த மதநம்பிக்கையாளன், அவனுடைய சமயம் நமக்கு உடன்பாடன்று. ஆனால் தேவி சொன்ன பாட்டுக்கு நூறு தலைப்புகளும் நான்கு திட்டங்களும் எதற்கு? இன்னொரு கறையும் உண்டு. பொருள் விளங்காத அயல்மொழி நூல்களைத் தன் பெண்மக்களை உரக்கப் படிக்கவைத்தான். உரிமை பேசிய நா, வீட்டுக்குள்ளே அதை மறந்தது!

1667 ஏப்ரல் 27-இல் அச்சகத்தான் சாமுவேல் சிம்மன்சுடன் ஒப்பந்தம். கையில் 5 பவுன்; 1,300 படிகள் விற்றால் மேலும் 5 பவுன். பத்தாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட அந்தக் காவியத்தின் முதற்பகுதியைத்தான் வெ. ப. சுப்பிரமணிய முதலியார் 'சுவர்க்க நீக்கம்' என்று தமிழாக்கினார். தவணை கேட்டு 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஈராண்டில் 1,300 படிகளும் விற்றன. இரண்டாவது 5 பவுனையும் பெற்றுக்கொண்டான். 1671-இல் மேலும் இரு படைப்புகள் ஒரே நூலாக வெளிவந்தன. அவற்றில் ஒன்று, கண் பிடுங்கப்பட்டுப் பகைவர் சிறையில் மாவரைத்த சிம்சோனின் நாடகம்.