கவுர் சிங்

கவுர் சிங் 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டில் கனஎடைப் பிரிவில் தங்கப் பதக்கம் வென்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர். தொழிலால் ராணுவ வீரர். பஞ்சாப் மாநிலம் சங்ரூர் மாவட்டத்தில் உள்ள கனால் குர்த் அவருடைய ஊர். தேசிய அளவில் முன்னணியில் இருந்தது ஐந்தாறு ஆண்டுகளே. கையுறையைக் கழற்றிய பிறகு நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்தார். இன்று அவரைப் பற்றி நாடு அறிந்திருப்பதில் பெரும்பகுதி இந்தப் பிந்தைய காலத்தில், பிறர் கையால் உருவானது.

விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த கவுர் சிங் சிறுவயதிலேயே பயிற்சிக்கூடத்துக்குப் போனவர் அல்லர். ராணுவத்தில் சேர்ந்த பிறகே குத்துச்சண்டைக்கு வந்தார். அந்தக் காலத்து இந்தியக் குத்துச்சண்டையில் இது வழக்கமான பாதைதான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் குத்துச்சண்டைத் தங்கம் பெற்றுத்தந்த பதம் பகதூர் மல்லும் ராணுவத்தவரே. 1966, 1970 ஆகிய இரண்டு ஆசிய விளையாட்டுகளிலும் கனஎடைத் தங்கம் வென்ற ஹவா சிங்கும் அப்படியே. வீரருக்கு வேண்டிய உணவு, பயிற்சி, சம்பளம் மூன்றையும் ஒரே இடத்தில் தர அன்று ராணுவத்தை விட்டால் சில அரசுத் துறைகள் மட்டுமே இருந்தன.

1979இல் தேசிய சாம்பியனான கவுர் சிங் தொடர்ந்து சில ஆண்டுகள் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1980இல் பம்பாயில் நடந்த ஆசியக் குத்துச்சண்டை சாம்பியன்ஷிப் போட்டியில் தங்கம் வென்றார். இரண்டு ஆண்டு கழித்து தில்லியில் ஆசிய விளையாட்டு நடந்தது. இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி தொடங்கிய ஆண்டும் அதுவே. நாட்டின் பல ஊர்களில் விளையாட்டு வீரர்களை மக்கள் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்தப் போட்டியில் வென்ற தங்கத்துக்காக அதே ஆண்டு அர்ஜுனா விருதும், 1983இல் பத்மஸ்ரீ விருதும் வந்தன. ராணுவத்தின் விசிஷ்ட சேவா பதக்கம் 1988இல் கிடைத்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்; பதக்கம் இல்லை. அத்துடன் அவருடைய போட்டி வாழ்க்கை முடிவுக்கு வந்தது.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு நிகழ்ச்சிதான் அவரை ஊரறியச் செய்தது. 1980 ஜனவரி 27 அன்று தில்லியில் முகமது அலியுடன் அவர் நான்கு சுற்றுகள் காட்சிப் போட்டி ஆடினார். வெற்றி தோல்வி அறிவிக்காத ஆட்டம் அது. அலிக்கு அப்போது 38 வயது. முந்தைய ஆண்டே ஓய்வை அறிவித்துவிட்டு இந்தியாவில் நிதி திரட்டும் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு ஆப்பிரிக்க நாடுகளிடம் தூது போகச் சொல்லி அவரை அழைத்ததும் இந்தப் பயணத்தின் போதுதான். ஆக, கவுர் சிங்கின் புகழுக்கு அடிப்படையான, இந்தக் காட்சிப் போட்டியில் எடுத்த புகைப்படத்தில் எதிரே நிற்பவரும் ஓய்வுபெற்ற சாம்பியன்தான். ஓய்வுக்குப் பின் என்ன செய்வது என்ற கேள்வி அலியையும் விடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் களமேறி லாரி ஹோம்ஸிடம் தோற்றார். 1981 டிசம்பரில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்ற பிறகே முழுமையாக விலகினார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது.

'அலியோடு மோதிய ஒரே இந்தியர்' என்று கவுர் சிங்கைப் பல செய்திகள் குறிப்பிடுகின்றன. இந்தப் பட்டத்தைச் சென்னைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதே சுற்றுப்பயணத்தில் சென்னை நேரு விளையாட்டரங்கிலும் அலி கையுறை அணிந்தார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். கலந்துகொண்ட அந்நிகழ்ச்சியில் முன்னாள் உலக சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் அலி ஆடினார். தமிழ்நாட்டு வீரர் ராக்கி பிராஸும் அவர் எதிரே நின்றார். தில்லி ஆட்டம் மட்டும் நாடு முழுக்கப் பேசப்படுவதற்குக் காரணம், இரண்டு ஆண்டு கழித்து கவுர் சிங் வென்ற ஆசியத் தங்கம். தங்கம் இல்லையென்றால் அந்தப் புகைப்படமும் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் தூங்கியிருக்கும்.

குத்துச்சண்டை வீரரின் பெயரை ஊர் எப்படிக் காப்பாற்றுகிறது என்பதில் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் போன்ற குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்தன. வீரர் களத்தை விட்டு இறங்கினாலும் பரம்பரையின் 'வாத்தியாராக' இளையவர்கள் நடுவே அவருக்கு ஓர் இடம் இருந்தது. அவர் போட்ட சண்டைகளைத் தெருவே வாய்வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஹரியானாவின் பிவானியில் அந்த வேலையைப் பயிற்சிக்கூடங்கள் செய்தன. அங்கே பயிற்சியாளராக வாழ்ந்த ஹவா சிங் 2000 ஆகஸ்ட் 14 அன்று இறந்தார். அவருக்கு அறிவிக்கப்பட்ட துரோணாச்சாரியா விருதை நேரில் பெற அவர் இன்னும் சில நாட்கள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். ஆயினும் பிவானி பின்னாளில் குத்துச்சண்டை நகரம் என்றே பெயரெடுத்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங் அந்த மண்ணிலிருந்து வந்தவர். கனால் குர்தில் பரம்பரையும் இல்லை, அப்படியொரு பயிற்சிக்கூடமும் எழும்பவில்லை. ராணுவத்திலிருந்து ஊர் திரும்பிய கவுர் சிங் தன் சிறிய நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அவர் ஆடிய காலத்து விதிகளையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு இரண்டுக்கும் அமெச்சூர் வீரர்களே தகுதியுடையவர்கள். களத்தில் காசு பார்க்க வழியில்லை. இன்று ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவருக்கு மாநில அரசுகள் அறிவிக்கும் பெருந்தொகையும் வேலையும் அன்று கனவிலும் இல்லாதவை. பத்ம விருதுகளுடன் பணமோ மாத உதவியோ கிடையாது. சர்வதேசப் பதக்கம் வென்றவர்களுக்கு மத்திய அரசு தனி ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்ததே 1994இல்தான். 1982 வெற்றிக்காகப் பஞ்சாப் அரசு அறிவித்த ஒரு லட்சம் ரூபாய் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும் தன் கைக்கு வரவில்லை என்பது கவுர் சிங்கின் நீண்டகால மனக்குறை.

2017 இறுதியில் இதய நோய்க்காக மொகாலியில் மருத்துவமனையில் சேர்ந்தார். சிகிச்சைக்கு வட்டிக்குக் கடன் வாங்க நேர்ந்த செய்தி வெளிவந்தது. அடுத்த சில நாட்களில் உதவிகள் வரிசையாக வந்தன. ராணுவம் மூன்று லட்சம் ரூபாய் தந்தது. அப்போதைய மத்திய விளையாட்டு அமைச்சரும் ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடுதலில் வெள்ளி வென்றவருமான ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ஐந்து லட்சம் அறிவித்தார். பஞ்சாப் முதலமைச்சர் அமரிந்தர் சிங் இரண்டு லட்சம் அறிவித்தார். ஒவ்வொரு செய்தியிலும் அலியுடன் எடுத்த படம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேசப்படாதிருந்த கவுர் சிங், 'மறக்கப்பட்ட வீரர்' என்ற பெயரில் மறுபடியும் புகழ்பெற்றார். 1980களின் கவுர் சிங்குக்கு உடல் வலிமை அடையாளம். 2017இன் கவுர் சிங்குக்கு மருத்துவமனைக் கட்டில் அடையாளம். பின்னதை அறிந்தவர்களே இன்று அதிகம்.

இது அவர் ஒருவரின் கதை இல்லை. அவருக்குப் பதினாறு ஆண்டு கழித்து, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு அடுத்த குத்துச்சண்டைத் தங்கம் வென்றவர் மணிப்பூரின் டிங்கோ சிங். கடற்படையில் பணியாற்றியவர், குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் உள்ளிட்ட பலருக்கு முன்மாதிரி. 2017இல் கல்லீரல் புற்றுநோய் கண்டபோது சிகிச்சைக்காக வீட்டை விற்றார். 2021 ஜூன் 10 அன்று 42 வயதில் இறந்தார். மேரி கோமின் நிலை முற்றிலும் வேறு: ஆறு உலகப் பட்டங்கள், 2012 லண்டன் வெண்கலம், 2014இல் அவர் வாழ்க்கையைச் சொல்லும் இந்தித் திரைப்படம், 2016இல் மாநிலங்களவை நியமனம் என்று ஆடிக்கொண்டிருக்கும்போதே பெயரும் வருவாயும் சேர்ந்து வளர்ந்தன. மூவருக்கும் இடைப்பட்ட வேறுபாட்டைத் திறமையால் விளக்க முடியாது. தொலைக்காட்சியும் விளம்பரச் சந்தையும் வீரர்களை நிர்வகிக்கும் நிறுவனங்களும் யாருடைய காலத்தில் வந்து சேர்ந்தன என்பதே காரணம்.

ஒரு வீரரை ஒரே காட்சியில் அடைத்துவிடும் பழக்கம் குத்துச்சண்டையோடு நிற்பதில்லை. கார் நிக்கோபாரைச் சேர்ந்த சைக்கிள் பந்தய வீராங்கனை டெபோரா ஹெரால்ட் பற்றிய செய்திகள், 2004 டிசம்பர் சுனாமியில் ஒன்பது வயதுச் சிறுமியாக மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்ததிலிருந்தே தொடங்கும். பந்தயத் தடத்தில் அவர் எடுத்த நேரங்கள் இரண்டாம் பத்தியில்தான் வரும். கவுர் சிங்குக்கு அலி எப்படியோ, டெபோராவுக்கு அந்த மரம் அப்படி. வாசகருக்கு ஆளை நினைவில் நிறுத்த இது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் 1980 பம்பாயிலும் 1982 தில்லியிலும் கவுர் சிங் எப்படி ஆடினார், எந்தக் கையை நம்பினார், தற்காப்பு எப்படி என்பதெல்லாம் எழுத்தில் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கின்றன. அவருடைய மெய்யான தொழில் அதுவாக இருந்தும்.

2022 ஜூலையில் 'பத்மஸ்ரீ கவுர் சிங்' என்ற பஞ்சாபித் திரைப்படம் வெளியானது. விக்ரம் பிரதான் இயக்கிய இப்படத்தில் கரம் பாட் கவுர் சிங்காக நடித்தார். பத்ம விருதைப் பெயருக்கு முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ பயன்படுத்தக் கூடாது என்பது அரசு விதி. திரைப்படத் தலைப்பு அதைப் பொருட்படுத்தவில்லை. பத்மஸ்ரீ அவருக்கு ஈட்டித்தந்த ஒரே பலன் அந்த முன்னொட்டுதான் என்று சொன்னால் அதை மறுப்பதும் கடினம்.

2023 ஏப்ரலில் பஞ்சாப் பள்ளிக் கல்வித் துறை, ஒன்பது, பத்தாம் வகுப்பு உடற்கல்விப் பாடநூல்களில் நான்கு வீரர்களின் வாழ்க்கை சேர்க்கப்படும் என்று அறிவித்தது. ஹாக்கி வீரர் பல்பீர் சிங் சீனியர், தடகள வீரர்கள் மில்கா சிங், குர்பச்சன் சிங் ரந்தாவா ஆகியோருடன் கவுர் சிங்கின் பெயரும் அதில் இருந்தது. அதே மாதம் 27ஆம் தேதி ஹரியானாவின் குருட்சேத்திரத்தில் உள்ள மருத்துவமனையில் அவர் காலமானார். உடல் கனால் குர்துக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே எரியூட்டப்பட்டது.