விசைச் சம்மட்டி வந்த கதை

 

பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, சோழர் கடாரம் வென்றதைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதோடு, போன மாதம் நடந்த ஒரு சங்கதி என் மனத்தை விட்டு அகலவே இல்லை. அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பின்னக் கணக்கு அவனுக்கு வரவே வராது. ஒரு நாள் பொறுமை இழந்து, “நீ சம்மட்டி அடிக்கத்தாண்டா லாயக்கு” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் அதை மறந்துபோனேன்.

போன மாதம் பாராங் கத்தி ஒன்று வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். ஒரு சீன முதலாளியின் பட்டறை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இயந்திரம் “தட தட” என்று அடித்துக்கொண்டிருக்க, அதன் முன்னால் குறட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான்! என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு ஓடி வந்தான். “சார், நீங்க சொன்ன மாதிரியே சம்மட்டி அடிக்க வந்துட்டேன். ஆனா நான் அடிக்கல சார், மெஷின்தான் அடிக்குது” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் உண்டு. என் தாத்தாவே தோட்டத்துக் கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்தவர். கொல்லர் பழுக்கக் காய்ந்த இரும்பைக் குறட்டால் பிடித்து அடைகல்லின் மேல் வைப்பார். (பேர்தான் கல், சாமான் இரும்பு.) கைச்சுத்தியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். தொட்ட அதே இடத்தில் தாத்தாவின் பன்னிரண்டு ராத்தல் சம்மட்டி விழ வேண்டும். கைச்சுத்தி அடைகல்லைத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். வாய்ப்பேச்சே கிடையாது. கடைசிக் காலத்தில் தாத்தாவுக்கு வலது தோள் உயராது. சட்டை போட்டுவிடப் பாட்டி வர வேண்டும். காதும் மந்தம். அப்படிப்பட்டவருடைய பேரன் நான். சம்மட்டி அடிப்பதை ஒரு வசவாகச் சொல்லிவிட்டேன்! அந்தச் சம்மட்டி மனிதன் கையை விட்டு இயந்திரத்துக்குப் போன வரலாறாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று புத்தகங்களைத் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

இந்தக் கதை இரும்பில் தொடங்கவில்லை, நெல்லில் தொடங்குகிறது. மலாய்க் கம்பங்களில் முன்பு நெல் குத்திய ‘லெசோங் காக்கி’யை வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். நீளமான ஒரு மரம், நடுவிலே அச்சு, ஒரு முனையில் உலக்கை. மறுமுனையைக் காலால் மிதித்தால் உலக்கை எழும்பும்; காலை எடுத்தால் உரலில் விழும். கையால் தூக்கிக் குத்துவதை விட இதில் உடம்பின் பாரமே வேலை செய்கிறது. சீன நாட்டில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹுவான் டான் என்னும் அறிஞர் இந்தப் படிகளை வரிசையாகவே எழுதி வைத்திருக்கிறார். முதலில் கை உலக்கை, பிறகு கால் மிதி, பிறகு கழுதையும் மாடும், அதற்கும் பிறகு ஓடுகிற தண்ணீர். கால் மிதியால் பலன் பத்து மடங்கு என்றும், தண்ணீரால் நூறு மடங்கு என்றும் அவர் கணக்குச் சொல்கிறார்.

உலக்கையின் இடத்தில் இரும்புச் சம்மட்டியையும் உரலின் இடத்தில் அடைகல்லையும் வைத்துப் பாருங்கள். அதுதான் நீர்ச் சம்மட்டி. ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் இதுவே இரும்படித்தது. நீர்ச்சக்கரத்தின் அச்சிலே பல் பல்லாக முளைகள் இருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு முளையும் சம்மட்டிக் காம்பைத் தள்ளித் தூக்கும். முளை விலகியதும் சம்மட்டி விழும். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகருக்கு அருகே அபிடேல் என்ற இடத்தில் அப்படி ஒரு பட்டறை இன்றும் இருக்கிறது. புல்லறுக்கும் நீண்ட அரிவாள்கள் செய்த இடம் அது. 1933இல் வேலை நின்றுபோய், 1970இல் காட்சிசாலையாகத் திறந்தார்கள்.

நீர்ச் சம்மட்டிக்கு ஒரு பெரிய குறை இருந்தது. இதை மாணவர்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். சம்மட்டி எவ்வளவு உயரம் எழும்பும் என்பதை முளையின் அளவு முடிவு செய்துவிடுகிறது. சிறிய இரும்பை வைத்தால் சம்மட்டி நல்ல உயரத்திலிருந்து விழும். பெரிய இரும்பை வைத்தாலோ, அந்த இடைவெளியை இரும்பே அடைத்துக்கொள்ளும். சம்மட்டி கொஞ்ச தூரம்தான் விழ முடியும். அதாவது, பலமான அடி வேண்டிய இடத்தில்தான் பலவீனமான அடி கிடைக்கும். வாய் நிறையச் சோற்றைத் திணித்துக்கொண்டவன் எப்படி மெல்லுவான்?

இந்தக் குறை 1839இல் ஒரு கப்பலால் அம்பலமானது. புருனல் என்னும் புகழ்பெற்ற பொறியாளர் ‘கிரேட் பிரிட்டன்’ என்ற பெரிய இரும்புக் கப்பலைப் பிரிஸ்டல் துறைமுகத்தில் கட்டிக்கொண்டிருந்தார். அப்போதைய திட்டப்படி கப்பலின் இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள். அவற்றைச் சுழற்ற 30 அங்குலக் கனமுள்ள ஷாஃப்ட் வேண்டும். அவ்வளவு பருமனான இரும்பை அடித்துத் தர எந்தப் பட்டறையும் முன்வரவில்லை. மாஞ்செஸ்டர் பக்கத்தில் பேட்ரிக்ராஃப்ட் என்ற ஊரில் ஆலை வைத்திருந்த ஜேம்ஸ் நாஸ்மித்துக்குக் கப்பல் கம்பெனியின் பொறியாளர் கடிதம் எழுதிக் கேட்டார்.

நாஸ்மித் எடின்பரோவில் 1808இல் பிறந்தவர். தகப்பனார் ஓவியர். மகனுக்கும் படம் வரையக் கை நன்றாக வரும். கடிதம் வந்ததும் தம்முடைய குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். சம்மட்டியைக் காம்பில் மாட்டுவானேன்? தலைக்கு மேலே ஒரு நீராவிச் சிலிண்டர், பிஸ்டன் தண்டின் அடியில் ஒரு பெரிய இரும்புக் கட்டை. ஆவி வந்தால் கட்டை எழும்பும், ஆவியை வெளியே விட்டால் விழும். எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு உயரம்! அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆயிற்றாம், படம் முழுவதும் வரைந்து முடிக்க. அதில் அவர் போட்ட தேதி 1839 நவம்பர் 24. (ஜேம்ஸ் வாட் 1784இலேயே தம் காப்புரிமையில் இப்படி ஒரு எண்ணத்தைச் சொல்லியிருந்தார். செய்து காட்டத்தான் ஆளில்லை.)

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கப்பல்காரர்கள் துடுப்புச் சக்கரத்தையே கைவிட்டு, பின்னால் சுழலும் விசிறிக்கு மாறிவிட்டார்கள். எந்த ஷாஃப்டுக்காக அந்தச் சம்மட்டி பிறந்ததோ, அந்த ஷாஃப்டை யாரும் அடிக்கவே இல்லை! கப்பல் மட்டும் 1843இல் நீரில் இறங்கியது. இன்றும் பிரிஸ்டலில் பார்க்கலாம். நாஸ்மித் தம் படத்தை இரும்பாலைக்காரர்கள் பலருக்கு அனுப்பிப் பார்த்தார். தொழில் மந்தமான காலம். நன்றாயிருக்கிறது என்றார்கள், யாரும் வாங்கவில்லை. புத்தகம் அலமாரிக்குள் போயிற்று.

ஒரு நாள் நாஸ்மித் வெளியூர் போயிருந்த நேரத்தில் பிரான்சிலிருந்து இருவர் ஆலையைப் பார்க்க வந்தார்கள். லெ குரூசோ இரும்பாலை முதலாளி ஷ்னைடரும் அவருடைய பொறியாளர் பூர்தோனும். நாஸ்மித்தின் கூட்டாளி வந்தவர்களை உபசரித்து, அந்தக் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார். 1842இல் நாஸ்மித் பிரான்சுக்குப் போனபோது லெ குரூசோவில் பெரிய இயந்திர உறுப்பு ஒன்றைப் பார்த்து, இதை எப்படி அடித்தீர்கள் என்று பூர்தோனைக் கேட்டிருக்கிறார். உங்கள் சம்மட்டியால்தான் என்று பதில் வந்ததாம்! கூட்டிப்போய்க் காட்டினார்களாம், இரண்டரை டன் கட்டையோடு வேலை செய்துகொண்டிருந்தது. இது நாஸ்மித் தம் சுயசரிதையில் எழுதியது. பிரெஞ்சுக்காரர்களோ, பூர்தோன் தாமாகவே கண்டுபிடித்தார் என்கிறார்கள். 1841இலேயே அங்கே காப்புரிமையும் வாங்கிவிட்டார்கள்.

யார் பக்கம் நியாயம்? எண்ணம் முதலில் நாஸ்மித்துடையது என்றே எனக்குத் தோன்றுகிறது; தேதி போட்ட படம் இருக்கிறதே! ஆனால் முதலில் கட்டி ஓட்டிக் காட்டியவர் பூர்தோன். படம் வரைவது வேறு, பல டன் இரும்பை நிறுத்தி, ஆவி கசியாமல், தரை பிளக்காமல் ஓட்டுவது வேறு. அவருக்கு உரிய பாதி மரியாதையைக் கொடுக்காமல் இருப்பது அழகல்ல. ஊருக்குத் திரும்பிய நாஸ்மித் 1842 ஜூனில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு அவருடைய ஆலையின் ராபர்ட் வில்சன் என்பவர் வால்வு அமைப்பைத் திருத்தினார். அதன் பிறகு அந்தப் பூதம் சொன்னபடி கேட்டது. ஒயின் கிண்ணத்தில் ஒரு முட்டையை வைத்து, கிண்ணம் உடையாமல் முட்டையின் ஓட்டை மட்டும் விரிசல் விடச் செய்து காட்டுவார்களாம். மறு அடியில் கட்டடமே குலுங்குமாம். நாஸ்மித் 48 வயதில் தொழிலை விட்டு, தம் வீட்டுக்கு ‘ஹேமர்ஃபீல்ட்’, அதாவது சம்மட்டிக் களம் என்று பேர் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியால் நிலாவைப் பார்த்துக் காலம் கழித்தார்.

பிறகு நாட்டுக்கு நாடு போட்டி. ஜெர்மனியில் குரூப் ஆலை 1861இல் 50 டன் சம்மட்டி வைத்தது. லெ குரூசோ 1877இல் 100 டன். அமெரிக்காவில் பெத்லஹேம் ஆலை 1891இல் 125 டன். அடேங்கப்பா! ஆனால் அடிக்கு அடி நிலம் அதிர்ந்து அஸ்திவாரம் ஆட்டம் கண்டது. அதோடு பெரிய இரும்பிலே அடியின் வேகம் மேலோடு நின்றுவிடும், நடு வரைக்கும் போகாது. மெதுவாக நசுக்கும் நீரழுத்தப் பிரஸ் வந்ததும் இந்த ராட்சதச் சம்மட்டிகள் ஓய்ந்தன. லெ குரூசோ சம்மட்டி இன்று அவ்வூரில் நினைவுச்சின்னமாக நிற்கிறது.

எனக்கு இந்த ராட்சதர்களை விடச் சின்னச் சம்மட்டிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து மேன்கேட்டோ ஊரில் ‘லிட்டில் ஜயன்ட்’ என்ற பெல்ட் சம்மட்டி செய்தார்கள். குட்டி பூதம் என்று பொருள். 25 ராத்தலிலிருந்து 500 ராத்தல் வரை பல அளவுகள். சின்னது நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் அடிக்கும். ஒற்றை ஆளாக நிற்கும் கிராமக் கொல்லருக்குச் சம்மட்டியாள் கிடைத்த மாதிரி ஆயிற்று. என் தாத்தாவின் தோளுக்கு வந்து சேர வேண்டிய இயந்திரம் இதுதான். வந்து சேரவில்லை.

நிற்க. என் பழைய மாணவன் ஓட்டுவது காற்றுச் சம்மட்டி. மோட்டார் ஒரு சிலிண்டரில் காற்றை அழுத்த, அந்தக் காற்று இன்னொரு சிலிண்டரில் கட்டையைத் தூக்கி அடிக்கிறது. வேகமும் பலமும் கால் மிதியில்தான் இருக்கின்றன, தாத்தா காலத்துக் கைச்சுத்திச் சாடை இப்போது காலுக்கு வந்துவிட்டது. “எவ்வளவு பெருசு வாங்கணும்னு எப்படிடா தெரியும்?” என்று கேட்டேன். “அடிக்கிற இரும்பைப் பார்த்துத்தான் சார். கத்தி, சின்ன உளிக்கெல்லாம் 25 கிலோ போதும். நாங்க கனமான செம்பனை உளி அடிக்கிறோம், அதான் 65 கிலோ” என்றான். பெரிதாக வாங்கிச் சின்ன வேலை செய்தால் கத்தி நசுங்கிப்போகும். சிறிதாக வாங்கிப் பெரிய வேலை செய்தால் இரும்பு ஆறிப்போகும்.

அதைவிட முக்கியம் அடியிலே இருக்கும் அடைகல் என்றான். கட்டையின் எடையைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும், பதினைந்து மடங்கு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அடி இரும்புக்குப் போகாமல் பூமிக்குப் போய்விடும். மணல் மேல் உரலை வைத்து இடித்தால் என்ன ஆகும், அதே கதைதான். அஸ்திவாரத்தையும் பட்டறைத் தரையிலிருந்து பிரித்துத் தனியாகத் தோண்டி, காங்கிரீட்டுக்கும் அடைகல்லுக்கும் நடுவே கனமான மரக்கட்டைகளைப் பரப்பியிருக்கிறார்கள். அதிர்ச்சியை மரம் வாங்கிக்கொள்ளும். சுவரில் கரிக்கட்டியால் 65 × 15 = 975 என்று எழுதியிருந்தது. “சரியா சார்?” என்றான். சரிதான் என்றேன். வேறு பேச்சு வரவில்லை.

காலையில் வந்ததும் அவன் செய்வதைச் சொல்கிறேன். எண்ணெய்க் குப்பியைப் பார்ப்பான். மேல் டை, கீழ் டை இரண்டையும் பிடித்திருக்கும் ஆப்புகளைத் தட்டிப் பார்ப்பான். கணீரென்றால் இறுக்கம், மந்தமாகக் கேட்டால் தளர்வு. தளர்ந்த ஆப்பு பறந்தால் ஆளைக் கொல்லும். நட்டு போல்ட்டுகளை ஒரு சுற்று முறுக்குவான். இரும்பு இல்லாமல் டையும் டையும் மோதும்படி ஒருபோதும் விடமாட்டான், விட்டால் இரண்டும் வெடிக்கும். டையைக் கழற்றும்போது சுவிட்சை அணைத்து, கட்டைக்கு அடியில் மரமுட்டு கொடுத்த பிறகுதான் கையை உள்ளே விடுவான். குறட்டின் காம்பை வயிற்றுக்கு நேரே பிடிக்கக் கூடாதாம், பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும். இரும்பு நழுவினால் காம்பு குத்திவிடும். முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் மரமுட்டு கொடுக்க நேரமில்லை என்று அவசரப்படுத்தினார்களாம். அங்கே அவனுக்கு இடது சுண்டுவிரலின் நுனி போயிற்று. அதைக் காட்டியபோதும் சிரித்துக்கொண்டுதான் காட்டினான்.

கிளம்பும்போது, “ஒரு நிமிஷம் சார்” என்று பாதி திறந்த நெருப்புப்பெட்டி ஒன்றைக் கீழ் டையின் மேல் நிறுத்தி வைத்தான். மிதியை லேசாகத் தொட்டான். 65 கிலோ கட்டை இறங்கி வந்து, பெட்டியை மூடிவிட்டு நின்றது. பெட்டி நசுங்கவில்லை. அவன் அப்பா அம்மா இந்த வேலையிலிருந்து மகனை நிறுத்திவிடலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டார்கள். அந்தப் பட்டறைக்குப் போய் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள், அவன் காதில் கவசம் போட்டிருக்கிறானா என்று மட்டும் பாருங்கள் என்றேன். நான் போன நாளன்று அது ஆணியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. என் தாத்தாவின் காதைப் பற்றி அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மலர்க் குழுவினர் எனக்கு ஒதுக்கிய பக்கங்கள் இத்துடன் முடிகின்றன.