வெளியாள் இல்லாத படம்

ராசிபுரம் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணப் படம் போட்டார்கள். கொங்கு வேளாளர் வீட்டுக் கல்யாணம். மணப்பெண்ணின் சித்தப்பா மகன் படத்தொகுப்பு படித்தவர். தாய்மாமன் ஓவிய ஆசிரியர். அத்தை நன்றாகப் பாடுவார். மூவரும் சேர்ந்து எடுத்தது. "வெளியாள் ஒருத்தருமில்லீங்க, எல்லாம் நம்ம சொந்தந்தான்" என்றார் வீட்டுப் பெரியவர். "சினிமாவாட்டமே இருக்குது" என்றது கூட்டம். இருக்கத்தான் செய்தது. ஆனால் இந்த இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று முரண்படுபவை. சேலத்துச் சினிமாவின் வரலாறு அதைத்தான் சொல்கிறது.

திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டும் அந்த நிறுவனத்துடையவை. 'மந்திரி குமாரி'க்கு (1950) வசனம் எழுதியவர் தஞ்சைத் தரணியிலிருந்து வந்த கருணாநிதி. இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். சுந்தரமே இங்கிலாந்தில் படிக்கப்போய் ஆங்கிலப் பெண்ணை மணந்தவர். ஸ்டுடியோ முதலாளியின் அதிகாரத்தில்தான் இயங்கியது. அதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் அந்நியர்கள் கூடாமல் அங்கே ஒரு ரீல்கூட ஓடியிருக்காது. இன்று ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு மிஞ்சி நிற்கிறது.

எண்பதுகளில் கல்யாணத்துக்கு வந்த வீடியோக்காரரும் அந்நியர்தான். யார் முக்கியம் என்பது அவருக்குப் பாதிதான் தெரியும். விளக்கைத் தூக்கிப் பந்தியில் எல்லார் முகத்திலும் அடித்தார். இலை எடுத்தவரும் பதிவானார். 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தபின், ஸ்டில் கேமராவிலேயே சினிமாத் தோற்றம் கைக்கு எட்டியது: முகம் துல்லியம், பின்னணி கரைசல். கேமரா சொந்தக்காரர் கைக்குப் போனால் எதைத் துல்லியமாக்குவது, எதைக் கரைப்பது என்பதை உறவுமுறையே தீர்மானித்துவிடுகிறது.

அந்தப் படத்தில் அருமைக்காரர் தெளிவாக இருந்தார். இணைச்சீரில் மாப்பிள்ளையின் தங்கை அழகாக இருந்தார். மங்கல வாழ்த்துப் பாடியவரைத்தான் காணோம். குடிமகன் என்று ஊர் அழைக்கும் நாவிதர் பாடாமல் அந்தச் சடங்கு நிறைவேறாது. படத்தில் அவர் ஒரு மங்கலான வெள்ளை வேட்டி; அவர் குரல் இருந்த இடத்தில் வயலின்.

கேமராவுக்கும் சாதிக்கும் உள்ள உறவை இந்தச் சமவெளியில் பேசும்போது இன்னொரு பதிவைத் தாண்டிப் போக முடியாது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியோடு போன ஓமலூர் தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். அந்தப் பெண் கொங்கு வேளாளர். கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு வழக்கில் முக்கியச் சான்றாயிற்று. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 'சொந்தமும்' 'வெளியாளும்' ஒரே சட்டகத்தில் தெரிந்த அந்தப் படத்தை எடுத்தது, உறவுமுறை எதுவும் அறியாத ஓர் எந்திரம்.

கல்யாணப் படம் எடுக்கிறவர்களெல்லாம் கொலைக்கு உடந்தை என்று சொல்லவரவில்லை. அவர்களுடைய பாசம் நிஜம், உழைப்பும் நிஜம். அந்தப் பாசத்தின் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. படம் முடிந்ததும் படத்தொகுப்பாளத் தம்பியிடம் அந்தக் குரலைப் பற்றிக் கேட்டேன்.

"பதிவு பண்ணியிருக்கேங்கண்ணா. நீளமாயிருமேன்னு எடுத்துட்டேன்."

குரல் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. இனியாவது அதைப் படத்தில் சேர்க்க வேண்டும், பாடியவர் பெயரோடு.