மீட்பு நாய்களின் இடைக்காலப் பராமரிப்பு

தெருவில் அடிபட்டோ, நோயுற்றோ, வளர்த்தவரால் கைவிடப்பட்டோ கிடந்து மீட்கப்பட்ட நாயை, அது தேறி நிரந்தரமான ஒரு குடும்பத்துக்குத் தத்துப் போகும்வரை, ஒருவர் தம் வீட்டில் வைத்துப் பேணும் ஏற்பாடு இடைக்காலப் பராமரிப்பு எனப்படும். பிராணிநல ஊழியர்களின் பேச்சில் இதற்கு ‘ஃபாஸ்டர்’ என்றே பெயர். நாய் குறித்த முடிவுகள் அதனை மீட்ட நிறுவனத்திடமோ தனிநபரிடமோ இருக்க, சோறும் மருந்தும் உறங்க இடமும் தரும் பொறுப்பு பராமரிப்பவரைச் சேரும். மருத்துவச் செலவை யார் ஏற்பது என்பதை முதல் நாளே பேசி முடித்துக்கொள்வது பின்னால் மனஸ்தாபம் நேராமல் காக்கும்.

இந்தியாவில் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டு, அதன்படி 1962இல் அமைந்த பிராணிநல வாரியத்துக்கு ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்தார். வாரியத்தின் தலைமையகமும் நெடுங்காலம் சென்னையிலேயே இயங்கியது. கேப்டன் வி. சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் 1959இல் தொடங்கிய பிராணிநல அமைப்பான புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் முறையை 1964 முதல் வற்புறுத்தி வர, 1996இல் சென்னை மாநகராட்சி அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் 2001இலும் 2023இலும் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த தெருநாய் பிடித்த இடத்திலேயே விடப்பட வேண்டும். ஆகவே, குணமான ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீடு தேட வேண்டியதில்லை. தன் தெருவையும், அங்கே பிஸ்கட் போடுகிற டீக்கடைக்காரரையும் அறிந்த நாய் அங்கே திரும்புவதே உசிதம். தாயை இழந்த குட்டி, கண்ணிழந்தது, காலெடுக்கப்பட்டது, வீட்டில் வளர்ந்து தெருவை அறியாமல் கைவிடப்பட்ட சாதி நாய் முதலியவையே இடைக்கால வீட்டை அவசியமாக நாடுபவை. இந்தப் பாகுபாட்டைக் கவனியாமல், இரக்கம் ஒன்றையே பிரமாணமாகக் கொண்டு தெருநாய்களை வீட்டுக்குள் அடைப்பவர்கள் சில சமயம் நாய்க்கே அபகாரம் செய்துவிடுகிறார்கள்.

காப்பகம் இருக்க வீடு எதற்கு என்ற கேள்விக்கு விடை, காப்பகத்தில் ஒரு மணி நேரம் நின்று கேட்டவர்களுக்குத் தானே விளங்கும். ஒரு நாய் குரைத்தால் வரிசை முழுவதும் குரைக்கும். கதவு திறக்கும் ஓசை, உணவு வண்டியின் ஓசை, புது நாயின் ஓலம் எல்லாம் சேர்ந்து, நோயிலிருந்து தேற வேண்டிய பிராணிக்கு உறக்கம் என்பதே இல்லாமற் செய்துவிடும். அமெரிக்காவில் 5 காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்களை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஓரிரு இரவுகள் ஒரு வீட்டில் தங்கியபோது அவற்றின் சிறுநீரில் மனவழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் குறைந்து, காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறியது தெரியவந்தது. புண்ணைக் காப்பகம் ஆற்றிவிடலாம். பயத்தை ஆற்றுவது அங்கே கடினம்.

நோய்களும் சுச்ருஷையும்: வீட்டில் வேறு நாய்கள் இருப்பின், புதிதாய் வந்ததைக் குறைந்தது 2 வாரமேனும் தனி அறையில் வைத்திருத்தல் முதல் விதி. குட்டிகளைப் பொறுத்தவரை இதைக் காட்டிலும் முக்கியமான ஜாக்கிரதை வேறில்லை. 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ், வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சில நாட்களில் குட்டியைக் கொன்றுவிடக் கூடியது. தரையிலும் மண்ணிலும் பல மாதம், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும், உயிருடன் கிடப்பது. வழக்கமாய்த் தெளிக்கும் பினாயிலை இதற்கு நம்பலாகாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு நீர் கலந்து, அழுக்கை முதலில் கழுவிய பிறகு, அக்கலவையால் தரையை நனைத்துச் சிறிது நேரம் விட வேண்டும். பார்வோ கண்ட வீட்டில், தடுப்பூசி முழுவதும் போடாத வேறு குட்டியை அடுத்த ஓராண்டு ஏற்காமலிருப்பதே தர்மம். அத்தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை தொடர்வது.

தெருநாய்களிடம் அடிக்கடி காணும் மற்றொரு நோய் சொறி. ரோமம் உதிர்ந்து, தோல் தடித்துச் சாம்பல் பூத்த நாயைப் பார்ப்பவர் பலரும் அது பிழைக்காதென்றே எண்ணுவர். ஆயினும் பூச்சியைக் கொல்லும் மருந்து முறைப்படி கொடுக்கப்பட்டால் ஓரிரு மாதங்களில் புது ரோமம் முளைத்து, பழைய நாய்தானா என்று ஐயுறும்படி மாறிவிடும். இவற்றுள் ஒருவகைச் சொறி மனிதர் தோலிலும் சில நாட்கள் அரிப்பை உண்டாக்குமாதலால், கையுறை அணிவதும் விரிப்பை வெந்நீரில் துவைப்பதும் அவசியம்.

புழு வைத்த புண் பற்றிச் சற்று விரித்துக் கூற வேண்டும். காதின் பின்னாலோ வாலடியிலோ ஈ முட்டையிட்ட புண், வெளியே ஒரு ரூபாய் நாணயத்தளவு வாயாகத் தோன்றினாலும், உள்ளே விரல் நீளத்துக்குப் பள்ளம் பறித்திருக்கும். புழுக்கள் தலையைச் சதைக்குள் புதைத்து, பின்புறத்தை மேலே நிறுத்தி மூச்சுவிடும். மருத்துவர் மருந்திட்டு இடுக்கியால் எடுத்து அனுப்பிய பிறகும், மறுநாள் கட்டைப் பிரித்தால் இன்னும் இரண்டு மூன்று அசைவதுண்டு. அவற்றை எடுத்து, கழுவி, நாய் நக்காதபடி கழுத்தில் கூம்பு மாட்டி, இதையே நாள்தோறும் செய்கிறவர் பராமரிப்பவர்தான். இப்பணியில் அருவருப்பு வெகு சீக்கிரம் விலகிவிடுகிறது; பொறுமைதான் தேவைப்படுகிறது.

பெட்டைக்கும் கடுவனுக்கும் இனவுறுப்பில் வளரும் தொற்றுக்கட்டி நம் நாட்டுத் தெருநாய்களிடையே சாதாரணம். ஒரு நாயின் புற்றணுக்களே மற்றொன்றின் உடலில் ஒட்டி வளரும் விசித்திர வியாதி இது. வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒருமுறை செலுத்த, பெரும்பாலும் 4 முதல் 6 ஊசிகளில் கரைந்துபோகிறது. ஆனால் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்தப் பரிசோதனை வேண்டும், ஊசியை அடுத்த நாட்களில் நாயின் கழிவைக் கையுறையின்றித் தொடலாகாது. வாரம் தவறாமல் இதை நடத்துவதற்கு ஒரு வீடு இன்றியமையாதது; நாயைத் தெருவில் விட்டு அடுத்த வாரம் தேடிப் பிடிப்பதென்பது நடவாத காரியம். இடுப்பெலும்பு முறிந்தவை பல, அறுவைச் சிகிச்சையின்றியே, 6 முதல் 8 வாரம் கூண்டில் ஓய்வு கொடுத்தால் நடக்கத் தொடங்கும். பட்டினியால் மெலிந்த நாய்க்கு வயிறு நிறைய ஒரேயடியாகப் போடுதல் ஆபத்து. ரத்தத்திலுள்ள உப்புகள் திடீரெனக் குறைந்து உயிருக்கே கேடு நேரலாம் என்பதால், சிறிது சிறிதாகப் பலவேளை கொடுத்துப் பழக்க வேண்டும். இவை தவிர, வெறிநோய்க்கு எதிரான முன்தடுப்பூசியைப் பராமரிப்பவர் தாமும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

சுபாவமும் பழக்கமும்: உடல் தேறுவதற்குக் காலம் சொல்லிவிடலாம், மனம் தேறுவதற்குச் சொல்ல முடியாது. 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்கு வழங்குகிறது. அது அனுபவஸ்தர்களின் வாக்கேயன்றி ஆராய்ச்சியின் முடிவன்று, எனினும் அவசரப்படுகிறவரை அடக்குவதற்கு உதவும். நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் ஆகியோரின் 1965இல் வெளிவந்த நூல், குட்டிக்கு ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையிலான காலமே மனிதரோடும் உலகத்தோடும் பழகுவதற்குரிய பருவம் என்பதை நிலைநாட்டிற்று. அந்தப் பருவத்தை யாரும் தொடாமல் கழித்த நாய், அடுக்குமாடி வீட்டுக்குள் வந்ததும் மாடிப்படியைக் கண்டு தரையோடு ஒட்டிக்கொள்ளும். மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கடியில் புகுந்துவிடும். சுழலும் மின்விசிறியையே அண்ணாந்து பார்த்தபடி சோற்றை மறந்து நிற்கும். அவ்வேளையில் அதனை இழுத்து அணைத்துக் கொஞ்சுவது, எவ்வளவு பிரியத்தோடு செய்தாலும், பிழையான வழி. நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் தரையில் அமர்ந்து, கோழித் துண்டொன்றைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தால் போதும். வருவதா வேண்டாமா என்ற தீர்மானம் நாயினுடையதாக இருக்கட்டும். தீபாவளி வாரத்தில் இந்த நாய்களைக் கழுத்துப்பட்டையும் வாரும் இன்றி வாசலுக்குக் கொண்டுவரவே கூடாது. வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடியவை திரும்பாமற்போவது ஆண்டுதோறும் நிகழ்கிறது.

இவ்வாறு கூடவே இருந்து பார்த்ததனால் பராமரிப்பவருக்குக் கிடைக்கும் ஞானமே, என் மதிப்பில், இந்த ஏற்பாட்டின் தலையாய பயன். குழந்தை தட்டைத் தொட்டால் உறுமுமா, பூனையைத் துரத்துமா, தனியே விட்டால் கதவைப் பிறாண்டுமா, காரில் வாந்தி எடுக்குமா என்பவற்றைக் காப்பகக் கூண்டு காட்டாது, வீடு காட்டும். இவற்றை மறைக்காமல் எழுதிவைத்த குறிப்பு, அழகான புகைப்படம் பத்தைவிட நல்ல குடும்பத்தைத் தேடிக் கொடுக்கும்.

தத்து: நாட்டு நாய்க்கு, அதிலும் கறுப்பு நிறப் பெட்டைக்குட்டிக்கு, வீடு கிடைப்பது எளிதன்று, லாப்ரடாரைக் கேட்டு வருகிறவர்கள் பத்து பேர் என்றால் இதைக் கேட்டு வருகிறவர் ஒருவர் இருந்தால் பெரிது. நம் வெயிலுக்கும் மழைக்கும் இயல்பாகவே பொருந்திய உடல் அதற்கு வாய்த்திருப்பதைச் சொன்னாலும் கேட்பவர் குறைவு. கேட்டு வந்தவர் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பதும், வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதத்தை அறிவதும், குட்டியாயின் உரிய வயதில் கருத்தடை செய்விப்பதாக எழுதி வாங்குவதும் வழக்கம். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, தெருநாயை உள்ளாட்சி அமைப்பில் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம் என்று அனுமதித்து, அவ்வாறு எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எடுத்தவர் மேலேயே சுமத்தியிருக்கிறது.

ஒப்படைக்கும் நாளில் நாய் படுத்த பழைய துணியையும், ஒரு வாரத்துக்காவது பழகிய உணவையும் உடன் அனுப்ப வேண்டும். பிரிய மனமின்றிப் பராமரித்தவரே அதனைத் தம்முடையதாக்கிக்கொள்வதும் உண்டு. அது குற்றமன்று, ஆனால் அடுத்த நாய்க்கு ஓர் இடம் குறைகிறது. தத்துப் போனது சில வாரங்களில் திருப்பி அனுப்பப்பட்டால், அதனை முன்பு வைத்திருந்த வீட்டுக்கே முதலில் சொல்லி அனுப்புவதும், திருப்பியவர் கூறிய காரணத்தைப் பழைய குறிப்போடு சேர்த்து எழுதி அடுத்த குடும்பத்தினரிடம் வாசித்துக் காட்டுவதும் நல்ல நிறுவனங்கள் கைக்கொள்ளும் முறை.