நம்பிய வாயிலிருந்து அந்நியக் குரல்

1992 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்: அடுத்த தலைமுறை’ தொடரின் ஒரு கதை ஒளிபரப்பாயிற்று. ‘எண்டர்பிரைஸ்’ என்னும் விண்கப்பல் அபய அழைப்பொன்றைக் கேட்டு, புயல் வீசும் ஒரு துணைக்கோளை நாடிச் செல்கிறது. அங்கு இறங்கிய கப்பல் அலுவலர் மூவருக்குள் உடலற்ற அந்நிய உயிர்கள் புகுந்துகொள்கின்றன. அம்மூவருள் ஒருவர் டேட்டா. அவர் மனிதர் அல்லர். மனித உருவில் செய்யப்பட்ட எந்திரம். கோபம் அறியாதவர். கப்பலில் அனைவரும் ஐயமின்றி நம்பும் தோழர்.

பேய்க்கதைதானே என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் திருச்சபையின் வரலாற்றை ஓரளவு அறிந்தவர்க்கு இக்கதையில் பழகிய தடங்கள் தென்படும்.

1614-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூலில் பேயோட்டும் சடங்குக்கு முன்னுரையாகச் சில விதிகள் உள்ளன. ஒருவரைத் தீய ஆவி பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்பதே அவற்றின் தொடக்கம். பின்னர் அடையாளங்கள் கூறப்படுகின்றன: அறியாத மொழியில் பேசுதல், தொலைவிலும் மறைவிலும் உள்ளவற்றை வெளிப்படுத்துதல், வயதுக்கும் இயல்புக்கும் மீறிய வலிமை காட்டுதல். இவ்வளவுகோலைக் கொண்டு டேட்டாவை அளந்தால் என்ன ஆகும்? பன்மொழிப் புலமையும் அளவற்ற நினைவாற்றலும் மனிதரை விஞ்சிய வலிமையும் அவருக்கு அன்றாட இயல்பு! அவருடைய ஆற்றலைக் கண்டு எவரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. தோழர்களுக்கு எதிராக அவர் கை ஓங்கியபோதுதான் உள்ளே இருப்பவர் வேறொருவர் என்பது புலப்பட்டது. பல ஆண்டுகள் உடன் பணியாற்றியவர்களுக்கு அந்த ஒரு செயலே போதுமானதாயிற்று.

மூவரும் கப்பலைக் கைப்பற்ற முயன்று தோற்று, உணவுக்கூடத்தில் இருந்தவர்களைப் பிணையாளிகளாகப் பிடிக்கின்றனர். ஓபிரையன் என்பவரின் மனைவியும் குழந்தையுமே அவருடைய உடலைக் கண்டு நடுங்கும் நிலை. பிறகு அவ்வுயிர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்கின்றன: இருநூறு ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன ‘எசெக்ஸ்’ கப்பலில் மாண்டவர்களின் ஆவிகளாம், எலும்புகளை ஊருக்கு எடுத்துச் சென்றால் இளைப்பாறுவார்களாம். கேட்போர் நெஞ்சை உருக்கும் வேண்டுகோள்தான். ஆனால் உண்மையில் அவர்கள் அத்துணைக்கோளில் தண்டனையாக விடப்பட்ட வேற்றுலகக் கைதிகள்.

1614-ஆம் ஆண்டு நூலில் இதற்கும் ஒரு விதி உண்டு. தன்னை ஒரு புனிதரின் ஆன்மா என்றோ, இறந்தவரின் ஆன்மா என்றோ, நல்ல வானதூதர் என்றோ தீய ஆவி கூறினால் நம்பலாகாது. தொலைக்காட்சிக்கு எழுதியவர்கள் இதைப் படித்திருந்தார்களா என்பது நமக்கு வேண்டாத கேள்வி. இவ்விதி மறக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் லூதுன் என்னும் சிற்றூர். 1632-இல் அங்குள்ள உர்சுலைன் கன்னியர் மடத்தின் தலைவி அன்னை ழான் உள்ளிட்ட பலரைத் தீய ஆவிகள் பிடித்திருப்பதாகச் செய்தி பரவியது. சடங்குகள் மக்கள் திரள் முன்னிலையில் நடந்தன. அக்கன்னியர் வாயிலிருந்து எழுந்த குரல்கள் ஊர்ப் பங்குத்தந்தை உர்பேன் கிராந்தியேரைச் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டின. கிராந்தியேர் அப்பழுக்கற்றவர் அல்லர். ஊரில் அவருக்குப் பகைவர் பலர். ஆயினும் இக்குற்றத்திற்கான சாட்சி அக்குரல்களே. சடங்கின் வலிமையால் கட்டாயப்படுத்தப்பட்ட பேய் உண்மையே பேசும் என்று வாதிட்டனர். பொய்யின் தந்தை என்று ஆண்டவரே பெயரிட்டவனை நீதிமன்றத்தில் சாட்சியாக ஏற்றனர்! 1634 ஆகஸ்டு 18-இல் கிராந்தியேர் உயிருடன் எரிக்கப்பட்டார். சடங்கு நூல் வெளியாகி அப்போது இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன.

அவர் இறந்த பின்னும் அக்குரல்கள் ஓயவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அங்கு அனுப்பப்பட்ட இயேசு சபைக் குரு ழான் ழோசப் சுரேன், அன்னை ழானுக்காக மன்றாடியவர், தாமே நோயுற்று நீண்ட காலம் உள்ளத் துயரில் உழன்றார். அவருடைய சபையார் அவரைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் தேறி மறுபடியும் எழுதினார், மறையுரை ஆற்றினார். இன்று பேயோட்டும் சடங்குக்கு ஆயரின் தனி அனுமதி வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. 1999-இல் வெளியிடப்பட்ட புதிய சடங்கு நூலோ, நோயை ஆவியின் செயலென்று மயங்காதிருக்க மேலும் கவனத்தைக் கோருகிறது. லூதுனின் சாம்பலை நினைக்கையில் இவ்வெச்சரிக்கை மிகையென்று எனக்குத் தோன்றவில்லை.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளில் வாழ்ந்த மனிதரிடம் ஆண்டவர் பெயரைக் கேட்கிறார். இலேகியோன் என்று விடை வருகிறது. அதன் பேச்சுக்காக அந்த மனிதரை அவர் தண்டிக்கவில்லை. குரல் வேறு, மனிதர் வேறு. ஊரார் வந்து பார்த்தபோது அவர் ஆடையணிந்து, அறிவுத் தெளிவுடன் அமர்ந்திருந்தார். அவர்களோ அஞ்சினார்கள். பேய் பிடித்திருந்தபோது பழகிப்போன ஊர், குணமானபின் அஞ்சியது!

விண்கப்பலில் அவ்வாறு நிகழவில்லை. கைதிகளின் உயிர்கள் பணிந்து வெளியேறியபின் டேட்டா, வார்ஃபிடம் செல்கிறார். வார்ஃப் போர்க்குணம் மிக்க இனத்தவர். பிணையாளியாக இருந்தபோது டேட்டாவின் வாய் அவரைக் கடுமையாகச் சீண்டியிருந்தது. மனமொப்பிச் செய்யாதது பாவமாகாது என்று மறைக்கல்வியில் படித்த நாம் டேட்டாவுக்குக் குற்றமில்லை என்போம். அவரோ மன்னிப்புக் கேட்கிறார். தேவையில்லை என்கிறார் வார்ஃப். அவர் பொறுமை காத்ததை டேட்டா வியக்க, அது எவ்வளவு கடினமாயிருந்தது என்பது உமக்குத் தெரியாது என்னும் பொருளில் ஒரு சொல் சொல்கிறார். அதன்பின் டேட்டா தம் பணிக்குத் திரும்புகிறார்.