கிள்ளான் சப்பாத்தும் சுங்கத் தீர்வையும்: பாட்டா 'டென்னிஸ்' காலணியின் மலாயாச் சரித்திரம் பற்றி ஒரு மறுபரிசீலனை

பாட்டா நிறுவனத்தார் தங்கள் பாரம்பரியத்தைக் குறித்து வெளியிட்டுவரும் விவரங்களில், கான்வாஸ் மேற்புறமும் ரப்பர் அடியும் கொண்ட 'டென்னிஸ்' சப்பாத்து 1936-ஆம் ஆண்டில் இந்தியாவில், பள்ளி மாணவர்கள் உடற்பயிற்சி வகுப்பில் அணிவதற்கென்றே உருவாக்கப்பட்டதாகவும், அங்கிருந்து பிற நாடுகளுக்குப் பரவியதாகவும் சொல்லப்படுகிறது. பத்திரிகைகளும் இக்கூற்றை அப்படியே எடுத்தாண்டுவருவதால், மலாயாவில் அச்சப்பாத்து வேரூன்றிய வகையைப் பற்றிப் பேசுவோரும் அதனையே ஆதாரமாகக் கொண்டு, மாணவருக்குச் சப்பாத்து தேவைப்பட்டது, ரப்பரோ கிள்ளானிலேயே விளைந்தது, ஆகவே தொழிற்சாலையும் கிள்ளானுக்கு வந்தது என்று முடித்துவிடுகின்றனர். இவ்விளக்கத்தைக் கால வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, காரணமாகக் காட்டப்படுவது உண்மையில் காரியமாக இருந்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் வலுக்கிறது.

விளையாட்டுக் காலணிகளின் சரித்திரத்தை எழுதுவோர் ஹெர்சோகெனௌராக் ஊரில் தாஸ்லர் சகோதரர் பிரிந்ததையும், 1948-இல் பூமாவும் 1949-இல் அடிடாஸும் தனித்தனியே எழுந்ததையும், 1954-இல் பெர்ன் நகரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தையும் விரித்துரைப்பது வழக்கம்; அவற்றை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர்களெல்லாம் நெடுங்காலம் கடைக் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவையே. காலில் ஏறியது பாட்டா. அல்லது, அதே கிள்ளானில் சீனர் நடத்திய ஃபுங் கியோங் ரப்பர் தொழிற்சாலையின் சரக்கு. நம்மவர் காலில் உண்மையில் கிடந்த காலணியின் சரித்திரம் நம்மவரால் எழுதப்படவேண்டும் என்ற ஆசையே இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுதல்.

நிறுவனத்தாரின் கூற்றில் ஆண்டைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ எனக்குப் பெரிய விவாதமில்லை. கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி நதிக்கரையில் பாட்டாநகர் 1934-இல் தோன்றியது. இரண்டு ஆண்டுகளில் அங்கே ஒரு புதிய சரக்கு வெளிவந்தது என்பது இயல்பே. மாறுபாடு காரணத்தைப் பற்றியது. ரப்பர் அடியும் கான்வாஸ் மேற்புறமும் கொண்ட காலணி 1936-இல் எவருக்கும் புதுமையாக இருந்திருக்க நியாயமில்லை. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கடற்கரைக்கும் உடற்பயிற்சிக்கும் அத்தகைய காலணி வழக்கிலிருந்தது. அமெரிக்காவில் கெட்ஸ் 1916-இலும், கான்வர்ஸ் நிறுவனத்தின் ஆல் ஸ்டார் 1917-இலும் வெளிவந்தன. டன்லப் நிறுவனத்தின் கிரீன் ஃப்ளாஷ் 1929-இல் வந்தது. ஜப்பானியர் செய்த மலிவான ரப்பர்ச் சப்பாத்துகள் 1930-களின் தொடக்கத்தில் கீழைத்தேசத் துறைமுகங்களிலெல்லாம் வந்து குவிந்துகொண்டிருந்தன. உருவம் பழையது, செய்முறை பழையது என்றிருக்க, மாணவனின் தேவையை முன்னிட்டு ஒரு காலணி புதிதாக உருவாயிற்று என்பது எவ்வளவு தூரம் பொருந்தும்?

மேலும், அந்த மாணவன் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். 1930-களில் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் வெறுங்காலோடு வந்தவர்கள். விடியுமுன் தாய் தந்தையர் பால்வெட்டுக்குப் போய்விட, பிரட்டுக்களத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒரே ஆசிரியரிடம் எல்லா வகுப்பும் படித்தவர்களுக்கு உடற்பயிற்சிச் சப்பாத்து என்பது காதில் விழாத பேச்சு. உடற்பயிற்சி வகுப்புக்கு வெள்ளைச் சப்பாத்து வேண்டும் என்ற விதி, கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் போன்ற நகரத்து ஆங்கிலப் பள்ளிகளுக்கும், அங்கே பிள்ளைகளை அனுப்ப வசதி பெற்ற ரயில்வே குமாஸ்தாக்களின் குடும்பங்களுக்கும் உரியது. இந்தியாவிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. இத்தனை குறுகிய வட்டத்தை நம்பி ஒரு பெருந்தொழிற்சாலை தன் பிரதான சரக்கை வகுத்துக்கொண்டிருக்கும் என்று கொள்வதற்கு என் மனம் இடந்தரவில்லை. நிறுவனத்தாரின் கூற்றில் வரும் அந்தப் பொதுவான 'மாணவன்', தோட்டத்துப் பிள்ளையைப் பார்வையிலிருந்தே மறைத்துவிடுகிறான் என்பதும் எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும். மொராவியாவின் ஸ்லீன் ஊரில் 1894-இல் தோமாஷ், ஆன்னா, அந்தோனீன் ஆகிய மூவர் தொடங்கிய பாட்டா, 1930-க்குப் பின் உலகெங்கும் எழுந்த சுங்கத் தடைகளால் ஏற்றுமதியை இழக்கும் நிலைக்கு வந்தது. அமெரிக்கா 1930-இல் தீர்வைகளை உயர்த்திற்று. தடையற்ற வாணிபத்தைத் தன் கொள்கையாகக் கொண்டிருந்த பிரிட்டனும் 1932-இல் அதனைக் கைவிட்டு, அதே ஆண்டு ஒட்டாவா மாநாட்டில் சாம்ராஜ்யத்துக்குள் செய்யப்பட்ட சரக்குக்கு மட்டும் சலுகைத் தீர்வை என்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டது. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் தேதி தோமாஷ் பாட்டா ஓட்ரோகோவிட்சேயில் விமான விபத்தில் இறந்தார். நிறுவனம் அவருடைய மாற்றாந்தாய் வழிச் சகோதரர் யான் அந்தோனீனிடம் வந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த பாட்டா ஊர்களை வரிசைப்படுத்திப் பார்ப்போர்க்கு ஓர் ஒழுங்கு புலப்படாமற் போகாது: இங்கிலாந்தில் ஈஸ்ட் டில்பரி, சுவிட்சர்லாந்தில் மோலின், ஹாலந்தில் பெஸ்ட், வங்காளத்தில் பாட்டாநகர், 1939-இல் கனடாவில் பாட்டாவா. இவற்றுள் ஒன்றேனும் ரப்பர் விளையும் மண்ணில் இல்லை; ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சுங்க எல்லைக்கு உள்ளே இருக்கிறது.

இந்த வரிசையில் கிள்ளானை வைத்துப் பார்க்கவேண்டும். 1931-இல் பாட்டா சிங்கப்பூரில் கடை திறந்தது. கிள்ளான் தொழிற்சாலைக்குப் பொதுவாகக் காட்டப்படும் ஆண்டு 1937. அது கட்டடம் எழுந்த ஆண்டா, முதற்சரக்கு வெளிவந்த ஆண்டா என்பது தெளிவுபடவில்லையாதலின், அதனை ஓர் எல்லைக்குறியாக மட்டுமே கொள்கிறேன். சிங்கப்பூர் தீர்வையற்ற துறைமுகம். எவர் சரக்கும் அங்கே தாராளமாக இறங்கலாம். சிலாங்கூரோ மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் தனிச் சுங்க எல்லைக்குள் அடங்கியது. 1886 முதல் கோலாலம்பூரோடு கிள்ளான் ஆற்றை ரயில் இணைத்திருந்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தாகிவிட்டது. தீர்வை கட்டாமல் கூட்டரசு மாநிலங்களின் சந்தைக்குள் சரக்கை விற்க விரும்பிய ஒருவனுக்கு, துறைமுகமும் ரயிலும் ஒருங்கே அமைந்த கிள்ளானைவிட உகந்த இடம் அக்காலத்தில் எளிதில் அகப்பட்டிராது.

ரப்பர் அருகில் கிடைத்தது ஒரு பொருட்டே அல்லவா என்று கேட்கப்படும். 1932-இல் ரப்பர் விலை அதற்கு முன் காணாத அளவுக்கு வீழ்ந்தது. கூலி இல்லாமல் பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934-இல் சர்வதேச ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்த பின்னரே விலை சிறிது தலையெடுத்தது. மூலப்பொருள் இவ்வாறு மலிந்து கிடக்கும் காலத்தில், அதன் அருகாமையால் மிச்சமாகும் கப்பற்கூலி மிக அற்பம். புகையூட்டிய ரப்பர்த் தகடு அழுகாது, உடையாது, எத்தனை மாதப் பயணத்தையும் தாங்கும். அதனைத் தேடித் தொழிற்சாலை வரவேண்டிய அவசியமில்லை. ஃபுங் கியோங்கை எதிர்வாதமாகக் காட்டுவோரும் உண்டு. கான்டனிலும் ஹாங்காங்கிலும் ரப்பர் மரமில்லாத மண்ணில் வளர்ந்த பெயர் அது. ஒட்டாவா ஏற்பாட்டுக்குப் பின் ஹாங்காங்கின் ரப்பர்ச் சப்பாத்துத் தொழில் பெருகியதற்கும் சாம்ராஜ்யச் சலுகையே பிரதான காரணம். ஆகவே அந்த உதாரணம் என் பக்கமே சாய்கிறது என்று கருதுகிறேன்.

இனி, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டில், தகரப் பெட்டிக்குள்ளிருந்து எனக்குக் காட்டப்பட்ட ஒரு ஜோடிச் சப்பாத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கான்வாஸ் பழுப்பேறி அட்டைபோல் விறைத்திருக்கிறது. வெள்ளைப் பூச்சு தையலோரங்களில் மட்டும் பொருக்காக நிற்கிறது. அடியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், குதிகாலுக்கு முன்னே நடுப்பள்ளத்தில், காலின் பாரம் அதிகம் படாத இடத்தில், நிறுவனத்தின் சாய்வெழுத்துக் குறி தெரிகிறது. அதன் கீழே அளவெண். அதற்கும் கீழே, 'மேட் இன் மலாயா' என்ற ஆங்கிலத் தொடர் ரப்பரிலேயே புடைத்து நிற்கிறது.

மலேசியா 1963 செப்டம்பர் 16-ஆம் தேதி உருவாயிற்று. ஆகவே இச்சப்பாத்து அதற்கு முற்பட்டது என்று சொல்லிவிட ஆசை எழும். செய்முறையை அறிந்தவர் அவ்வளவு அவசரப்படமாட்டார். ரப்பரைக் கந்தகத்தோடும் சுண்ணப்பொடியோடும் உருளைகளுக்கிடையே பிசைந்து, எழுத்தும் கோலமும் வெட்டிய இரும்பு உருளையினூடே தகடாக இழுத்து, அதிலிருந்து அடியை வெட்டி எடுத்து, அச்சுக்கட்டையில் ஏற்றிய கான்வாஸோடு ஒட்டி, சுற்றிலும் ரப்பர்ப் பட்டை கட்டி, அதன் பின்னரே நீராவிக் கலத்தில் வேகவைப்பர். எழுத்து வெட்டிய உருளை விலையுயர்ந்தது. நாட்டின் பெயர் மாறிற்று என்பதற்காக எந்த முதலாளியும் மறுநாளே அதைக் கழித்துவிடமாட்டான். பெயர் மாறிய சில ஆண்டுகள் வரையிலும் பழைய எழுத்து விழுந்துகொண்டிருந்திருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூரையும் மலாயாவோடு சேர்த்தே பேசிய காலம் அது. அங்கும் பாட்டாவுக்குத் தொழிற்சாலை இருந்தபடியால், இந்த எழுத்தை மட்டும் கொண்டு இது கிள்ளானில் வெந்த ரப்பர்தான் என்று நிர்ணயிக்க முடியாது. வீட்டார் கிள்ளான் என்கிறார்கள், நானும் அவ்வாறே நம்புகிறேன், நம்பிக்கை சான்றாகாது.

அப்படியானால் அவ்வெழுத்தால் என்ன பிரயோஜனம்? அணிபவன் பார்க்காத இடத்தில், காலடியில், ஒரு நாட்டின் பெயரைப் பொறிக்கவேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவேண்டும். உற்பத்தி நாட்டின் பெயரைச் சரக்கின்மேல் பொறிக்கும் வழக்கத்துக்குப் பிரிட்டனில் 1926-ஆம் ஆண்டின் வர்த்தகக் குறிச் சட்டம் பெரும் உந்துதலாயிற்று. ஒட்டாவாவுக்குப் பின் அந்தப் பெயருக்குப் பணமதிப்பும் உண்டாயிற்று, ஏனெனில் சலுகை கிடைப்பதும் கிடைக்காததும் பிறப்பிடத்தைப் பொறுத்ததாயிற்று. அந்த அடியில் உள்ள தொடர் மாணவனையோ ஆட்டக்காரனையோ நோக்கி எழுதப்பட்டதன்று. சுங்க அதிகாரியை நோக்கி எழுதப்பட்டது என்பது என் வாசிப்பு. இந்த இடத்தில் ஆதாரம் மெலிந்திருப்பதை உணர்ந்தே இதை அழுத்திச் சொல்கிறேன். செக்கோஸ்லோவாகியப் பெயர் கொண்ட அந்நிய நிறுவனம், தன்னை உள்ளூர்ச் சரக்காகக் காட்டி வாங்குவோரின் நல்லெண்ணத்தைப் பெறுவதற்காக அப்படிப் பொறித்திருக்கவும் கூடும். அவ்வாறாயினும் அது சந்தைக்குள் நுழைந்தபின் எழும் கவலையேயன்றி, மாணவனின் உடற்பயிற்சியைப் பற்றிய கவலை அன்று.

அதே அடி வேறொன்றையும் காட்டுகிறது. இடது சப்பாத்தின் உட்புற நுனியில் ரப்பர்ப் பட்டை தேய்ந்து, கான்வாஸ் நூல் பிரிந்து வெளியே தெரிகிறது. வலது நுனியில் அவ்வளவு தேய்வில்லை. வலக்கைக்காரன் பூப்பந்தாட்டத்தில் வலையை நோக்கி வலது காலை எட்டிவைக்கும்போது பின்னால் இழுபடும் இடது காலின் நுனி இப்படித்தான் தேயும். டென்னிஸ் என்று பெயர் பெற்ற சப்பாத்து பூப்பந்து ஆடித் தேய்ந்திருக்கிறது. மலாயா 1949-இல் முதல் தாமஸ் கிண்ணத்தை வென்று, 1952-இலும் 1955-இலும் அதனைக் காத்துக்கொண்டது. வோங் பெங் சூன் 1950 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றார். அந்த ஆண்டுகளில் ரயில்வே குவார்ட்டர்ஸ் முற்றங்களிலும் கம்பங்களிலும் சுண்ணாம்புக் கோடு போட்ட ஆடுகளம் இல்லாத இடம் அரிது. மலாயாவில் இச்சப்பாத்துக்கு மெய்யான விளையாட்டு வாழ்வு கிடைத்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். தொழிற்சாலை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கிள்ளானில் இருந்தது என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

தோட்டத்துக்குச் சப்பாத்து வந்துசேர்ந்த வரலாறு தனி. 1941-இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில், துரைமாரைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழியவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைதாகி, பின் நாடுகடத்தப்பட்டார். தொழிற்சாலையும் தோட்டமும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், சைக்கிளில் உட்கார்ந்து போகும் உரிமைக்கே போராடவேண்டியிருந்தவர்களின் பிள்ளைகள் அத்தொழிற்சாலையின் சரக்கை அணிய, சுதந்திரமும் தேசியக் கல்விமுறையும் பள்ளிச் சீருடை விதியும் வரவேண்டியிருந்தது. உடற்பயிற்சி மாணவனுக்காகப் பிறந்த சப்பாத்து என்ற கூற்று 1960-களுக்குப் பின் வந்த மலேசியாவுக்கு ஓரளவு பொருந்தும். அதைப் பின்னோக்கி 1936-இல் ஏற்றிச் சொல்வதே பிழை.

பிந்திய செய்திகளைச் சுருக்கமாகக் கூறலாம். பாட்டா தன் ஓட்டக் காலணிகளுக்கு 1971-இல் பவர் என்ற தனிப்பெயரை ஏற்படுத்திற்று. 1986 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் புரவலர்களுள் ஒன்றாகவும் இருந்தது. 1989-இல் அடிடாஸ் இந்தியச் சந்தையில் நுழைய நாடியதும் பாட்டாவின் கையையே. மலேசியப் பள்ளிகளில் வெள்ளைச் சப்பாத்துக்குப் பதிலாகக் கறுப்புச் சப்பாத்து வரும் என்று கல்வி அமைச்சர் மஸ்லீ மாலிக் 2018-இல் அறிவித்தார்.

கிள்ளானில் முதற்சப்பாத்து வெளிவந்த காலத்தை 1937-க்கும் ஜப்பானியர் வருகைக்கும் இடைப்பட்டதாக இப்போதைக்குக் கொள்கிறேன். கூட்டரசு மாநிலங்களின் சுங்க அட்டவணைகளில் ரப்பர் அடிக் காலணிக்கு ஆண்டுதோறும் விதிக்கப்பட்ட தீர்வையைத் தொழிற்சாலையின் வளர்ச்சியோடு ஒருவர் வரிக்கு வரி ஒப்பிட்டால், என் வாதம் நிலைபெறவோ வீழவோ இடமுண்டு. தீர்வை உயர்வதற்கு முன்பே தொழிற்சாலைக்கு நிலம் வாங்கப்பட்டிருந்ததாகத் தெரியவருமானால், ரப்பரின் அருகாமையைச் சொல்வோரின் கட்சியை நான் மறுபடியும் பரிசீலிக்கவேண்டியிருக்கும்.